பெட்டிக்குள் இருந்தவள்

வாயாடி என்பது அப்பா வைத்த பெயர். பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது வேறு பெயர் எழுதினார்கள், இல்லையென்று சொல்லவில்லை. அது சான்றிதழ்களுக்குள் மடிப்புக் கலையாமல் கிடக்கிறது. தெருவுக்கும் உறவுக்கும் அவள் வாயாடிதான். பல் தேய்க்கும்போதும் பேசுவாள். சாப்பாட்டை வாயில் வைத்துக்கொண்டு பேசி அம்மாவிடம் குட்டு வாங்குவாள். ஒருமுறை காய்ச்சலில் மூன்று மணி நேரம் சேர்ந்தாற்போலப் பேசாமல் கிடந்தாள் என்று வீட்டில் பயந்துபோய் டாக்டரைக் கூட்டிவந்துவிட்டார்கள். கல்யாணத்தைப் பதிவு செய்யப் போன இடத்திலும் குமாஸ்தாவின் முதுகுவலியைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தாளே தவிர, கையெழுத்துப் போடுகிற வழியைக் காணோம். ஜெராக்ஸ் கடை வைத்திருந்த மாப்பிள்ளை பேனாவை நீட்டியபடி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அன்றைக்கு நின்றவர்தான், பிறகும் அவள் பேச்சு முடியட்டும் என்று நின்றுகொண்டே பழகிவிட்டார்.

அப்பா சினிமா தியேட்டரில் டிக்கெட் கிழித்து உள்ளே விடுகிறவர். ஐம்பத்தெட்டு வயதில் பக்கவாதம் வந்தது. உயிர் தப்பியது, பேச்சு தப்பவில்லை. நாக்கு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, வருகிற சொல்லெல்லாம் ஈரத் துணியில் சுற்றி வைத்ததுபோல வந்தது. அம்மாவுக்குப் புரியவில்லை, டாக்டருக்கும் புரியவில்லை. வாயாடிக்கு மட்டும் புரிந்தது. ஆறு வருஷம் அவள்தான் அவருக்கு வாய். அவர் கோபத்தில் திட்டுவதைக்கூட ஒரு சொல் குறையாமல் எடுத்துச் சொல்லி, சொந்தக்காரர்கள் இரண்டு பேரைப் பகைத்துக்கொண்டாள். அப்பா போனபோது அவளுக்கு இருபத்தொன்பது வயது. குழறிய பேச்சைப் புரிந்துகொள்கிற திறமை இனி எதற்கு உதவப் போகிறது என்று அவள் யோசிக்கவே இல்லை. அதற்கும் ஒரு வேலை இருக்கும் என்று யார்தான் நினைப்பார்கள்?

இருந்தது. வயதானவர்களுக்காகப் பேசும் பெட்டி ஒன்றை ஒரு கம்பெனி விற்றுக்கொண்டிருந்தது. இரண்டு கைப்பிடி அளவுக்கு வெள்ளை நிறத்தில் ஒரு பெட்டி, கூடவே மணிக்கட்டில் கட்டிக்கொள்ள ஒரு பட்டை. பட்டை நாடித்துடிப்பைப் பார்க்கும்; பெட்டி மாத்திரை நேரத்தைச் சொல்லும், கேட்டதற்குப் பதில் சொல்லும், விழுந்துவிட்டால் ஆம்புலன்ஸைக் கூப்பிடும். பெரிய ஆஸ்பத்திரிகளே நோயாளிகளின் பிள்ளைகளுக்கு அதைச் சிபாரிசு செய்தன. மனித உதவியே தேவையில்லாத மருத்துவத் துணை என்று விளம்பரம். அதில் முக்கால்வாசி உண்மை. மீதிக் கால்வாசிதான் வாயாடிக்குக் கிடைத்த வேலை.

பெட்டிக்குச் சில பேச்சு விளங்காது. பல் போனவர்கள், வாய் கோணியவர்கள், அழுதுகொண்டே பேசுகிறவர்கள் என்றால் தடுமாறிப் போகும். அந்த நிமிஷமே அழைப்பைச் சத்தம் காட்டாமல் ஓர் அறைக்குத் தள்ளிவிடும். ஒரு கட்டடத்தின் நான்காவது மாடியில், பஞ்சு ஒட்டிய தடுப்புகளுக்குள், ஹெட்போன் மாட்டிக்கொண்டு பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கேட்டுப் புரிந்துகொண்டு பதில் சொல்வார்கள். சொல்கிற குரலை மென்பொருள் பெட்டியின் குரலாக மாற்றி அனுப்பும். அந்தப் பக்கம் இருப்பவருக்கு எப்போதும் ஒரே குரல்தான். வேலைக்கான பரீட்சையில், பக்கவாதம் வந்த ஏழு பேரின் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார்கள். வாயாடி ஏழையும் தட்டுத் தடங்கல் இல்லாமல் எழுதிக் கொடுத்தாள். அன்றைக்கே சேர்த்துக்கொண்டார்கள்.

சேர்ந்த பிறகுதான் கஷ்டம் தெரிந்தது. பேசக் கற்றுக்கொடுக்கிற இடங்கள் உண்டு, இங்கே பேசாமல் பேசக் கற்றுக்கொடுத்தார்கள். கேள்வி முடிந்ததும் ஒரு விநாடி சும்மா இருந்துவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும். சிரிக்கக் கூடாது, பெருமூச்சு விடக் கூடாது. எழுதிவைத்த நடையில்தான் பேச வேண்டும். தும்மல் வந்தால் மைக்கை அணைத்துவிடு. மறந்தாலும் பெரிய பாதகமில்லை. மென்பொருள் சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதையெல்லாம் இரைச்சல் என்று சலித்துத் தள்ளிவிடும். நீ மனிதரா என்று யாராவது கேட்டால், நான் உங்கள் உதவிக் கருவி என்று சொல்ல வேண்டும். இதையெல்லாம் வெளியே மூச்சு விடக் கூடாது, கட்டிய கணவனிடம்கூட, என்று தாளில் கையெழுத்து வாங்கினார்கள். மேற்பார்வையாளர் ஒருவர் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒட்டுக் கேட்பார். பேச்சை வெட்டிவிடுவதே அவர் பிழைப்பு என்பதால் பெண்கள் அவருக்குக் கத்திரி என்று பெயர் வைத்திருந்தார்கள். முதல் மாதம் வாயாடி வாங்கிய திட்டுக்குக் கணக்கில்லை. மூன்றாவது மாதம் மாதிரிப் பேச்சு என்று அவளுடையதைத்தான் புதியவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். எதைச் செய்தாலும் முழுதாகச் செய்கிறவள், பாவம்.

வீட்டில் அதன் பலன் தெரிந்தது. மகள் ஏதாவது கேட்டால் இவள் ஒரு விநாடி சும்மா இருந்துவிட்டுத்தான் பதில் சொல்வாள். ஒன்பது வயது மகள் விரலைச் சுழற்றிக் காட்டி, அம்மாவுக்கு நெட் ஸ்லோ என்று கேலி செய்வாள். கணவர் முதலில் சிரித்தார். பிறகு ஒருநாள் கடையைப் பூட்டிவிட்டு வந்து, என்மேல் ஏதாவது வருத்தமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அவளால் என்ன சொல்ல முடியும்? நாள் முழுக்கப் பேசுகிற வேலை, தொண்டை வலி என்றாள். கஸ்டமர் கேர் என்றுதான் அவருக்குத் தெரியும். அவர் தேன் வாங்கிவந்து வைத்தார். 

கிரேன் ஐயா அவளுக்கு வந்து சேர்ந்தது இரண்டாவது மாதத்தில். துறைமுகத்தில் முப்பத்தோரு வருஷம் கிரேன் ஓட்டியவர். மனைவி போய் மூன்று வருஷம். மகன் வெளிநாட்டில். அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் இரண்டாவது மாடியில் தனியாக இருந்தார். பக்கவாதம் வலக்கையையும் வலக்காலையும் நாக்கையும் இழுத்துவிட்டிருந்தது. அப்பாவுக்கு வந்த அதே குழறல். அவர் வாயைத் திறந்தாலே பெட்டி திகைத்துப்போய் அழைப்பை இந்த அறைக்குத் தள்ளும். மற்ற பெண்கள் இரண்டு முறை கேட்டுப் பார்த்துவிட்டு வாயாடிக்குத் திருப்பிவிடுவார்கள். ஆகக்கூடி, அந்த மனிதர் நான்கு வருஷம் பெட்டியிடம் பேசியதெல்லாம் அவளிடம் பேசியதுதான்.

நன்றாகப் பேசுவார். கிரேன் உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்து தனக்குத் தானே பேசிப் பழகியவர், பெட்டியிடம் பேசக் கூச்சப்படவில்லை. மேலே இருந்து பார்த்தால் மனிதர்களின் தலையும் நிழலும்தான் தெரியுமாம். வழுக்கையை வைத்து யார் யார் என்று சொல்லிவிடுவாராம். பெட்டியில் வருகிற பாட்டெல்லாம் தகர டப்பாவைத் தட்டுவது மாதிரி இருக்கிறது என்பார். கீழ் வீட்டுக்காரரின் குறட்டைக்கு மதிப்பெண் போடுவார். வாயாடி இந்தப் பக்கம் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கிவிட்டு, புரிந்தது, வேறு ஏதேனும் உதவி வேண்டுமா என்பாள். அவளுடைய நாளில் அவள் காத்திருந்த நேரம் அது ஒன்றுதான்.

ஒரே ஒரு முறை தவறினாள். பல்பு எரியவில்லை, ஸ்டூல்மேல் ஏறிக்கொண்டிருக்கிறேன் என்று அவர் சாதாரணமாகச் சொன்னார். இழுத்துப்போன காலோடு, ஒற்றைக் கையோடு. விநாடியாவது ஒன்றாவது, "ஐயையோ, முதல்ல கீழ இறங்குங்க" என்று வாயிலிருந்து வந்துவிட்டது. அந்தப் பக்கம் ஸ்டூல் நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு அவர், "யாரு அது? நிஜத்தைச் சொல்லு, நீ ஆளா?" என்று கேட்டார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கத்திரி தலையை நிமிர்த்திப் பார்த்தார்.  மூன்று பெண்களுக்கு அதற்கு முன்பே இப்படித்தான் சீட்டுக் கிழிந்திருந்தது. ஒரு விநாடி இருந்துவிட்டு, "நான் உங்கள் உதவிக் கருவி. மன்னிக்கவும், ஒலியில் சிறு பிழை" என்றாள். அவர் சரிதான் என்று சொல்லிவிட்டார். அந்தச் சரிதானில் ஏமாற்றம் இருந்ததா நிம்மதி இருந்ததா என்று அவள் அன்றைக்கெல்லாம் மண்டையை உடைத்துக்கொண்டாள்.

நிம்மதிதான். அது அந்த வாரக் கடைசியில் தெரிந்தது. மதியம் சாப்பிட்ட பிறகு பெட்டியைக் கூப்பிட்டு, உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்றார். மனைவிக்குக் கடைசிக் காலத்தில் மறதி நோய். ஒரே கேள்வியை நாளைக்கு நூறு தரம் கேட்பாள். பையன் பள்ளிக்கூடம் விட்டு வந்துவிட்டானா என்பாள். பையனுக்கு நாற்பது வயது. ஒருநாள் நூற்றோராவது தரம் கேட்டபோது அவர் அறைந்துவிட்டார். கன்னத்தில், முழு பலத்தோடு. அப்போது வலக்கை நன்றாக இருந்த காலம். அவள் திகைத்து நின்றாள். இரண்டு நிமிஷத்தில் மறந்தும் போய்விட்டாள். மறந்துவிட்டு, அவருடைய கை நடுங்குவதைப் பார்த்து, அந்தக் கையைப் பிடித்துத் தடவிக்கொடுத்தாள்.

"அவகிட்ட மன்னிப்புக் கேக்கலாம்னா அவளுக்கே ஞாபகம் இல்ல. எனக்கு மட்டும்தான் இருக்கு. பையன்கிட்டகூடச் சொன்னதில்ல. உங்கிட்டதான் சொல்றேன்."

வாயாடிக்குக் கண்ணீர் திரையை மறைத்தது. என்ன சொல்லலாம் என்று விதிப் புத்தகத்தில் இல்லை. திரையில் பட்டையின் எண் ஏறிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துப் படித்தாள். உங்கள் நாடித்துடிப்பு சற்று அதிகமாக உள்ளது, தண்ணீர் அருந்துங்கள் என்றாள். சொன்ன வாயைக் கிழித்துக்கொள்ளலாம்போல இருந்தது. அவரோ சிரித்தார். வெகுநாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தார்.

"இதுக்குத்தான் உங்கிட்ட சொன்னேன். மனுஷன்னா இந்நேரம் மூஞ்சி மாறியிருக்கும்."

அன்றைக்கு வீட்டுக்குப் போய் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிட்டாளா என்று கணவரிடம் கேட்டாள். மகள் எதிரேதான் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். கணவர் அவளைப் பார்த்த பார்வையில் பயம் இருந்தது.

நான்காவது வருஷம் கம்பெனி ஒரு விழா எடுத்தது. பெட்டியை ஒரு வருஷத்துக்கு மேல் பயன்படுத்தியவர்களுக்கு மனச்சோர்வு பாதியாகக் குறைந்திருக்கிறது, முக்கியமாகப் பேச்சு போனவர்களுக்கு என்று ஒரு பெரிய டாக்டர் மேடையில் சொன்னார். தாயே கேட்டுச் சலித்துப்போகிற பேச்சைக்கூட இந்த இயந்திரம் சலிக்காமல் கேட்கிறது, மனிதர்களால் இது முடியாது என்றார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. தரப் பரிசோதனைப் பிரிவு என்ற அட்டைக்குப் பின்னால் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த பன்னிரண்டு பெண்களும் தட்டினார்கள். அவர்களில் மூத்தவள், முன்பு நர்ஸாக இருந்தவள், வாயாடியின் பக்கம் சாய்ந்து, நமக்குச் சலிக்காதாம்டி என்றாள். இருவரும் சிரிப்பை அடக்க முடியாமல் கழிவறைக்கு ஓடினார்கள். அங்கே போனதும் சிரிப்பு வரவில்லை.

அந்த விழாவில்தான் பெட்டியின் புதிய பதிப்பும் வெளிவந்தது. இனி உங்கள் பெட்டி மனிதரைப் போலவே பேசும் என்று வண்ணத் தாள் அச்சடித்து எல்லா வீட்டுக்கும் அனுப்பினார்கள். அறையில் விதிகள் தலைகீழாயின. நான்கு வருஷமாக எதை வெட்டினாரோ அதை இப்போது கத்திரியே அளந்து ஊற்றினார். பேச்சு நடையில் பேசலாம். ஓர் உரையாடலுக்கு இரண்டு அப்படியா, ஓர் அடடா. அதற்குமேல் போனால் செயற்கையாக இருக்குமாம். மனுஷிகளைப் பார்த்துச் சொல்கிறார், முகத்தில் ஒரு மாறுதல் இல்லாமல். கிரேன் ஐயாவுக்குப் புதிய பேச்சு பிடித்திருந்தது. உனக்கும் மெருகு ஏற்றிவிட்டார்களா என்று கேட்டார். ஆமாம் ஐயா என்றாள் வாயாடி.

இரண்டு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை, காலை பதினொன்றரை மணி. அவருடைய எண் திரையில் சிவப்பாக வந்தது. அவர் விழுந்துவிட்டதைப் பட்டை சொன்னது. அவர் கூப்பிடவில்லை, மூச்சு மட்டும் பெரிதாகக் கேட்டது. பிறகு தலை, தலை என்றார். கூடத்துக்கும் குளியலறைக்கும் நடுவே விழுந்திருக்கிறார், எழுந்திருக்க முடியவில்லை, இந்த முறை இடப்பக்கமும் வரவில்லை என்பதை அவள் துண்டு துண்டாகக் கேட்டுப் புரிந்துகொண்டாள். செய்ய வேண்டியதை வரிசையாகச் செய்தாள். ஆம்புலன்ஸ் பொத்தானை அழுத்தினாள். பாலத்தில் லாரி கவிழ்ந்து வழி அடைத்திருக்கிறது, நாற்பது நிமிஷம் ஆகும் என்று பதில் வந்தது. மகனுடைய போனை அடித்தாள், எடுக்கவில்லை. கீழ் வீட்டு எண்ணும் எடுக்கவில்லை, வேலைக்குப் போகிறவர்கள். கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. கத்திரியிடம் கையைக் காட்டினாள். அவர் வந்து திரையைப் பார்த்தார், நடைமுறை முடிந்தது, பேச்சுக் கொடுத்துக்கொண்டிரு என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆம்புலன்ஸ் வருகிறது, அசையாமல் படுத்திருங்கள் என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். நடுவில் அவர், "பெட்டி, யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார்.

"ஆம்புலன்ஸ் கிளம்பிடுச்சு ஐயா."

"அதைக் கேக்கல. இங்க. யாராவது... மனுஷங்க."

வாயாடி கண்ணாடி அறையைப் பார்க்கவில்லை. வேலை போனால் போகிறது என்பது அந்த நிமிஷத்தில் பெரிதாகவே தோன்றவில்லை. அப்பா போன அன்று அவள் மருந்துக் கடையில் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். அப்பாவின் அறையில் யாரும் இல்லை. இந்த மனிதர் அப்படிப் போகக் கூடாது. அது ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

"நான் இருக்கேன் ஐயா. நான் மனுஷிதான்."

மைக்கை வாய்க்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"நிஜமாத்தான் சொல்றேன். நாலு வருஷமா உங்ககிட்ட பேசறது நான்தான். எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு, ஒரு பொண்ணு இருக்கா. எங்கப்பாவுக்கும் உங்களை மாதிரியே நாக்கு இழுத்துக்கிச்சு. அதனாலதான் நீங்க பேசறது எனக்குப் புரியுது."

அந்தப் பக்கம் ஏதோ சத்தம் வந்தது. சிரிப்பு என்று புரிந்துகொள்ள அவளுக்கே கொஞ்ச நேரம் பிடித்தது.

"தாள்ல போட்டிருந்தான். மனுஷன் மாதிரியே பேசும்னு. நல்லாத்தான் பேசற."

"மாதிரி இல்ல ஐயா."

"அன்னைக்கு நானே கேட்டேனே. இல்லைன்னியே."

"பொய் சொன்னேன். வேலை போயிடும்னு பயந்து பொய் சொன்னேன்."

"பெட்டி பொய் சொல்லாது" என்றார் அவர், குழந்தையைச் சமாதானம் செய்கிறவரைப்போல.

அவள் அழுதாள். அடக்கவில்லை. பக்கத்துத் தடுப்பிலிருந்த மூத்தவள் எழுந்து வந்து பின்னால் நின்றாள். நான் அழுகிறேன், கேட்கிறதா ஐயா என்று கேட்டாள் வாயாடி. அவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டிருக்க வேண்டும், அவ்வளவு நேரம் சும்மா இருந்தார். ஒன்றும் கேட்கவில்லை என்றார். விசும்பலையெல்லாம் மென்பொருள் சலித்துத் தள்ளியிருந்தது. அழுகை கேட்காது, சிரிப்பு கேட்காது, குரலும் அவளுடையது இல்லை. தான் மனுஷி என்று காட்ட அவளிடம் ஒன்றுமே மிச்சமில்லை. நான்கு வருஷமாக அவளே ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்த வேலை அது. தலையில் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது.

ஒன்று மட்டும் மிச்சமிருந்தது என்று நினைத்தாள். மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டாள்.

"உங்க வீட்டம்மாவை அறைஞ்சதா சொன்னீங்களே, அன்னைக்கு எனக்குத் தாங்கல ஐயா. வீட்டுக்குப் போயும் அதே நினைப்புதான்."

பட்டையின் எண் குபீரென்று ஏறியது. அவருடைய மூச்சு மாறியது. இதற்கு முன்பு கேட்டிராத ஒரு குரலில், நடுங்கிக்கொண்டு, "அது உங்கிட்ட மட்டும்தான் சொன்னேன்" என்றார். "பெட்டின்னுதான் சொன்னேன். யாராவது கேட்டாங்களா? நிஜத்தைச் சொல்லு, யாராவது கேட்டுட்டாங்களா?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்த ஒரு பாரத்தை மனிதர் யாருக்கும் தெரியாமல் இறக்கி வைத்துவிட்டோம் என்ற நிம்மதியில்தான் அவர் இத்தனை நாள் இருந்திருக்கிறார். இன்னும் கொஞ்சம் வாதாடினால் ஒருவேளை நம்பிவிடுவார். நம்பினால் பக்கத்தில் ஒரு மனுஷி இருக்கிறாள் என்று தெரிந்துதான் போவார்; கூடவே, அவளுக்குத் தெரியும் என்ற அவமானத்தோடும் போவார். இரண்டில் ஒன்றைத்தான் அவருக்குக் கொடுக்க முடியும். யோசிக்க நேரம் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, குரலைச் சமப்படுத்திக்கொண்டு சொன்னாள்.

"யாரும் கேக்கல ஐயா. நான் பெட்டிதான். உங்களுக்குத் தனியா இருக்கற மாதிரி தெரியக் கூடாதுன்னு அப்படிப் பேசினேன்."

எண் மெல்ல இறங்கியது. அவர் நீளமாக மூச்சு விட்டார். மூத்தவள் வாயாடியின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை அழுத்தியதில் தோள் வலித்தது.

"கெட்டிக்காரப் பெட்டி" என்றார். கொஞ்சம் கழித்து, "பேசு. ஏதாவது பேசிட்டே இரு" என்றார்.

பேசினாள். விடுவாளா? நான்கு வருஷப் பேச்சு பாக்கி இருந்தது. ஜெராக்ஸ் கடையில் ஒருவர் தன் கல்யாணப் பத்திரிகையைத் தலைகீழாக நூறு பிரதி எடுத்துக்கொண்டு போனதைச் சொன்னாள். மகள் விழுந்த பல்லை அழிரப்பர் பெட்டியில் வைத்துத் தொலைத்த கதையைச் சொன்னாள். தியேட்டரில் டிக்கெட் கிழிக்கிற ஒருவர் ஒரே படத்தை ஐம்பது நாள் பார்த்தும் முடிவு தெரியாமலே இருந்ததைச் சொன்னாள். கடைசிக் காட்சியில் கதவைத் திறந்துவிட அவர் வெளியே போய்விட வேண்டும். எல்லாவற்றையும் எங்கேயோ யாருக்கோ நடந்ததாகவே சொன்னாள். கிரேன் ஐயா நடுநடுவே ம் என்றார். ம் வருகிற இடைவெளி நீண்டது. பிறகு வரவில்லை. பட்டையின் எண் இறங்கி இறங்கி, கோடாகி நின்றது. நின்ற பிறகும் அவள் நிறுத்தவில்லை. காது கடைசியில்தான் போகும் என்று ஆஸ்பத்திரியில் யாரோ சொன்னதை நம்பிக்கொண்டு, கோட்டைப் பார்த்தபடியே பேசினாள்.

ஐம்பத்திரண்டாவது நிமிஷத்தில் கதவை உடைக்கிற சத்தம் கேட்டது. காலடிகள் வந்தன. இரண்டு ஆண்குரல்கள். ஒருவர் நாடி பிடித்துப் பார்த்திருக்க வேண்டும், முடிஞ்சிடுச்சு என்றார். மற்றவர் உச்சுக்கொட்டி, "பாவம், பக்கத்துல ஒரு ஆள் இல்லாம போயிருக்காரு" என்றார்.

"இல்லைங்க, நான் இருந்தேன்" என்றாள் வாயாடி. "கூடவே இருந்தேன். கடைசி வரைக்கும் பேசிட்டிருந்தேன்."

முதல் ஆள் சொன்னார்.

"அந்தப் பெட்டிப்பா. ஆள் போனதுகூடத் தெரியாம பேசிட்டிருக்கு. வயரைப் பிடுங்கிவிடு."

பிடுங்கிவிட்டார்கள்.